புறாமலைத் தீவு: மிதக்கத் தெரியாதவர்களை முருகைக்கல் (பவளப்பாறை) பக்கம் இறக்கலாமா?

நெய்தல் (வெள்ளவத்தை):

கூடாது என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இந்த மாதம் நண்பர்களாகச் சேர்ந்து நிலாவெளிக்குப் போய் மறுநாள் இரவே வீடு திரும்பினோம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இரவில் வெள்ளவத்தையில் வான் ஏறினால், குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஏ6 பாதை வழியே விடியும் நேரத்தில் திருகோணமலையில் இருக்கலாம். கடற்கரையில் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கருமபீடத்தில் டிக்கெட் எடுத்துக்கொண்டு முதலில் புறப்பட்ட படகுகளில் ஒன்றைப் பிடித்துவிட்டோம். புறாமலைத் தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம்தான். இயந்திரத்தின் சத்தம் காதுக்குப் பழகுமுன் வந்துவிடுகிறது.

சுறாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. தண்ணீரில் முகத்தை வைத்து அசையாமல் கிடந்தேன். மணல் தரைக்குச் சற்று மேலே, மணலின் நிறத்திலேயே ஓர் உடல் நகர்ந்தது. முதுகுத் துடுப்பின் நுனி மட்டும் மையில் தோய்த்து எடுத்ததுபோல் கறுப்பு. ஓர் ஆளின் நீளம்கூட இல்லை. விலாவில் வெள்ளையாக ஒரு பட்டை ஓடுகிறது. பக்கவாட்டில் வந்து, ஒரு கண்ணால் என்னைப் பார்த்து, வாலை ஒரு தடவை அசைத்து விலகியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. பக்கத்தில் யாரோ காலை உதறினார்கள். அவ்வளவுதான், இரண்டும் போய்விட்டன.

அந்தக் கால்களைப் பற்றித்தான் பேச வேண்டும். ஒன்பது மணிக்குப் பிறகு படகுகள் நெருக்கமாக வந்து சேர்ந்தன. உயிர்காப்பு அங்கி அணிந்து இறங்கியவர்களில் பலருக்கு மிதக்கத் தெரியவில்லை. மூச்சு முட்டியதும் காலை ஊன்றுகிறார்கள். ஊன்றிய இடம் முருகைக்கல். கிளை முறியும் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கிறது. முறிந்த இடம் பால் வெள்ளையாகத் தெரிகிறது. ஒரு வழிகாட்டி, "அதன் மேல் ஏறி நின்று இளைப்பாறுங்கள்" என்று என் காதுபடவே சொல்லிக்கொண்டிருந்தார். அதே இடத்தில் ஓர் ஆமையைச் சுற்றி வட்டமாகக் கூடிவிட்டார்கள். மூச்சு வாங்க மேலே வர வேண்டிய பிராணி அது. இரண்டு முறை எழும்பப் பார்த்து இரண்டு முறையும் திரும்பிக் கீழே போனது. பார்க்கச் சகிக்கவில்லை.

எங்களோடு வந்தவர்களில் நீச்சல் தெரியாதவர்கள் மணற்பாங்கான பக்கத்திலேயே நின்றுகொண்டார்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் சுறாக் குட்டிகள் அவர்களைச் சுற்றிப் போய்வந்தன. எங்களைவிட அதிகம் கண்டவர்கள் அவர்கள்தான். ஆகவே மிதக்கத் தெரியாதவரை முருகைக்கல் மேல் இறக்குவதால் யாருக்கும் நன்மையில்லை என்கிறேன்.


கொட்டாஞ்சேனை வாசி:

தங்கச்சி, சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதைச் சட்டமாக்கினால் யார் வெளியே நிற்பார்கள் என்று யோசித்தீர்களா? கொழும்பில் நீச்சல் கற்றவர்கள் யார்? நீச்சல் தடாகம் உள்ள பாடசாலையில் படித்தவர்கள், அல்லது மாதக் கட்டணம் கட்டிப் பழக வசதி உள்ளவர்கள். எங்கள் வீதியில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் நாலடி தூரத்தில் இருக்கிறது, ஆனால் துறைமுகச் சுவருக்கு அப்பால். வெள்ளவத்தைக் கடலில் இறங்கிப் பழகு என்று எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? வருடம் முழுக்கச் சேர்த்த பணத்தில் ஒரு தடவை குடும்பத்தோடு போகிறவனைப் பார்த்து, உனக்கு நீந்தத் தெரியாது, நீ மணலில் நில் என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்?

முருகைக்கல்லைக் காப்பது திணைக்களத்தின் வேலை. மிதவைக் கயிறு கட்டலாம், ஒரு நேரத்தில் இவ்வளவு பேர் என்று வைக்கலாம். பாரத்தைப் பயணியின் தலையில் மட்டும் போடாதீர்கள்.


உப்பாறு (திருகோணமலை, இப்போது புறக்கோட்டையில் வேலை):

அண்ணா, நான் அந்தக் கரையில் வளர்ந்தவன். என் பெரியப்பாவின் பிள்ளைகள் இன்றும் நிலாவெளியில் படகு ஓட்டுகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த அங்கி. அதை இறுக்கிக் கட்டாமல் போட்டால் அது தோளுக்கு ஏறி, ஆளை நிமிர்த்திவிடும். நிமிர்ந்தால் கால் கீழே தொங்கும். கால் தொங்கினால் முருகைக்கல்லில்தான் முட்டும், ஏனென்றால் அந்தப் பக்கம் பல இடங்களில் ஆழம் இடுப்பு வரைதான். நம் கடலில் வற்றும் பெருக்கும் பெரிய வித்தியாசம் காட்டாது, ஆனாலும் வற்று நேரத்தில் கல்லுக்கும் வயிற்றுக்கும் இடையே ஒரு சாண்தான் மிஞ்சும். அங்கியின் கீழ்வாரைத் தொடைக்கு இடையில் எடுத்து இறுக்கி, நெஞ்சு கீழே இருக்கும்படி படுத்தால் நீந்தத் தெரியாதவனும் மிதப்பான். படகுக்காரர் கயிற்றில் கட்டிய வளையத்தைப் பிடிக்கக் கொடுத்து இழுத்துப் போனால் காலை ஊன்ற வேண்டிய தேவையே வராது. கரையோரமாக, மணலில், பத்து நிமிடம் இதைப் பழக்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு அழைத்துப் போகிற படகுக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்க மனமில்லாதவர்களும் இருக்கிறார்கள், ஏனென்றால் கரையில் அடுத்த குழு காத்து நிற்கிறது.

அடுத்து, அவர்களுடைய வயிறு. நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றில் அந்தக் கடல் கொந்தளிக்கும், படகு இறங்காது. மே முதல் செப்டெம்பர் வரை கிடைப்பதுதான் வருடத்துக்கும் சோறு. யுத்தத்தில் படகை இழந்தவர்களும், 2004 சுனாமியில் வீட்டையும் படகையும் சேர்த்து இழந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் ஆட்களைக் குறை என்று சொல்வது சுலபம். குறைத்த ஆட்களுக்கு ஈடாக ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கொடுப்பார்களா? கரையில் பேரம் பேசி அடிமாட்டு விலைக்குப் படகைப் பிடித்துவிட்டு, வழிகாட்டி அவசரப்படுத்துகிறான் என்று குறை சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.


மழைக்குருவி:

டிக்கெட் எவ்வளவு? படகுக்கு எவ்வளவு?


உப்பாறு:

இலங்கையருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு கூடிய விலை. அடிக்கடி மாறுகிறது, கருமபீடத்தில் கேட்டால்தான் சரியாகத் தெரியும். படகுக்கு முழுப் படகுக்கும் சேர்த்துத்தான் பேசுவார்கள். ஆகவே கூட்டமாகப் போனால் தலைக்குக் குறைவாக வரும். தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.


கடலோர ஆசிரியை (தெஹிவளை):

பாடசாலையில் உயிரியல் கற்பிக்கிறேன். இந்த விவாதத்தில் காலம் என்ற கணக்கு வரவில்லை, அதைச் சேர்க்க விரும்புகிறேன்.

முருகைக்கல் என்று நாம் மிதிப்பது ஆயிரக்கணக்கான நுண்ணிய பிராணிகள் சேர்ந்து கட்டிய வீடு. அவற்றின் உடலுக்குள் பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவு சமைத்து, பெரும்பங்கை அவற்றுக்கே கொடுக்கின்றன. நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசிகளால் வருவதுதான். மான்கொம்பு வகை கிளைவிட்டு வருடத்துக்கு ஒரு சாண் வரைகூட வளரும். ஆனால் உருண்டையாகத் திரண்டு நிற்கிறதே, மூளை போன்ற மடிப்புகளோடு, அது வருடத்துக்கு மில்லிமீற்றர் கணக்கில்தான் வளரும். உங்கள் இடுப்பளவு திரண்ட ஒன்று நம் பாட்டன் பிறக்குமுன்பே அங்கே இருந்திருக்கலாம். அதன் மேல் காலணியோடு ஏறி நின்றால், உரசல்பட்ட இடத்தில் வேறு பாசி வந்து படியும், நோய் ஏறும்.

1998இல் கடல்நீர் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃப் பகுதியிலும் முருகைக்கற்கள் வெளுத்துப் பெருமளவில் இறந்தன. வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை கூடி, அது சில வாரம் நீடித்தாலே போதும், உள்ளிருக்கும் பாசிகள் வெளியேறிவிடும். திருகோணமலைப் பக்கம் அந்த வருடம் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. அன்று வெப்பம் விட்டுவைத்ததை இன்று நம் கால்கள் முடித்துவைக்கக் கூடாது. 2024இல் உலகளாவிய வெளுப்பு நான்காவது தடவையாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. சூட்டைத் தணிக்க நம்மால் உடனே எதுவும் செய்ய முடியாது, காலைத் தூக்கிக்கொள்ள முடியும்.

போகிறவர்கள் ஒன்று செய்து பாருங்கள். தண்ணீருக்குள் அசையாமல் காதைக் கொடுங்கள். 'நறுக் நறுக்' என்று கடிக்கும் சத்தம் கேட்கும். கிளிமீன் தன் அலகால் கல்லைச் சுரண்டிப் பாசி தின்கிறது. தின்ற கல் அதன் தொண்டையிலுள்ள பற்களில் அரைபட்டு வெண்மணலாக வெளியே வருகிறது. நாம் வெறுங்காலில் நடக்கும் அந்த வெள்ளை மணலில் ஒரு பங்கு அதன் உழைப்பு. முதல்முறை அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.


சின்னப் படகு:

சென்ற வருடம் நாங்கள் பாண் கொண்டு போயிருந்தோம். பிய்த்துப் போட்டதும் மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட மீன்கள் கையிலேயே வந்து தின்றன. பிள்ளைகளுக்கு அளவில்லாத சந்தோசம். யாருக்கும் எதுவும் ஆகவில்லையே. பாணிலுமா தப்பு?


கடலோர ஆசிரியை:

ஆம் தம்பி, அதிலும் இருக்கிறது. பாணுக்கு ஓடி வருகிற அந்த மீன்கள் மற்ற மீன்களின் முட்டைகளையும் தின்பவை. நாம் தீனி போட்டால் அவை ஓரிடத்தில் திரளும், மற்றவை ஒதுங்கும். பாசி தின்ன வேண்டிய மீன் பாணைத் தின்று வயிறு நிரம்பினால் பாசி கல்லை மூடும். தேசியப் பூங்காவுக்குள் அது விதிக்கும் மாறானது. பிள்ளைகளின் சந்தோசத்தைப் பறிக்கச் சொல்லவில்லை. ஒரு கோமாளி மீன் தன் கடற்சாமந்தியை விட்டு எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் அசைய மாட்டார்கள்.

வெயில் காப்புக் களிம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் சில இரசாயனங்கள் முருகைக்கல்லின் குஞ்சுகளைப் பாதிக்கின்றன என்று ஹவாய், பலாவு போன்ற இடங்களில் தடை செய்திருக்கிறார்கள். நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினால் களிம்பே தேவையில்லை.


மாடப்புறா:

இவ்வளவு நேரமாகப் படிக்கிறேன், புறாமலையில் புறாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

அந்தத் தீவு 1963இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதே அங்கே பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களுக்காகத்தான். தேசியப் பூங்காவானது 2003இல். ஆங்கிலேயர் காலத்தில் அதே தீவு துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்பட்டது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் கோயில் வாசல்களிலும் கோட்டைக் கட்டடங்களிலும் நாம் தானியம் போடுகிறோமே, அதே இனம். ஆனால் நம் ஊர்ப் புறாக்கள் மனிதன் வளர்த்து, பிறகு தப்பிப் போனவற்றின் வழித்தோன்றல்கள். ஒன்று வெள்ளை, ஒன்று செம்பழுப்பு, ஒன்று புள்ளி என்று கலந்து கிடக்கும். புறாமலையில் இருப்பவை இன்னும் காட்டுக் குணம் மாறாதவை. உடல் சாம்பல் நீலம், சிறகில் இரண்டு கறுப்புப் பட்டைகள், கழுத்தில் பச்சையும் ஊதாவும் மினுங்கும். இலங்கையில் இப்படி இனம் பெருக்கும் இடங்கள் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன.

பாறை விளிம்பில் இரண்டே முட்டை. தாயும் தந்தையும் மாறி மாறி இரண்டரை வாரம் அடைகாக்கும். அந்த நேரத்தில் படம் எடுப்பதற்காகப் பாறை உச்சிக்கு ஏறிக் கூச்சல் போட்டால் பறவை எழும்பிவிடும், முட்டை வெயிலில் காயும், காகம் காத்துக்கொண்டிருக்கும். அந்தத் தீவு நீளவாக்கில் 200 மீற்றர், அகலம் 100 மீற்றர் அளவுதான். அவை ஒதுங்கிப் போக வேறு இடம் கிடையாது. மிதக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு என் பதில், தொலைநோக்கியோடு மரநிழலில் உட்காருங்கள். கடலில் இறங்கியவர்கள் காணாத ஒன்றைக் காண்பீர்கள்.


தலங்கம:

ஒரே நாளில் போக வர 500 கிலோமீற்றருக்கு மேல் டீசல் எரித்து இயற்கையைப் பார்க்க வேண்டுமா என்பது என் கேள்வி. 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் கொழும்பு. பெத்தகானை ஈரநிலப் பூங்காவில் மரப்பாலத்தில் நடந்தால் நீர்க்கோழியும் உடும்பும் கண்முன்னே. இந்தச் சதுப்பில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது. முத்துராஜவெல சதுப்புநிலத்தில் படகும் உண்டு, முதலையும் உண்டு. இவற்றைப் பார்த்து முடித்தவர்கள் எத்தனை பேர்?


நெய்தல்:

பெத்தகானைக்கு நானும் போகிறேன், எல்லோரும் போக வேண்டும். ஆனால் ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் நம் கண்ணெதிரே எரிந்து மூழ்கியது. அதன் பிளாஸ்டிக் குருணி கரையெல்லாம் ஒதுங்கியது, செத்த ஆமைகள் ஒதுங்கின. கொழும்பில் பலர் கடலாமையை முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். உயிரோடு ஒன்று புல் மேய்வதைப் பக்கத்தில் பார்த்தவருக்கு அந்தச் செய்தி வேறு மாதிரிப் படும். அதற்காகவேனும் வருடத்தில் ஒரு நாள் நிலாவெளிக்குப் போவது தகும் என்று நினைக்கிறேன். தனித்தனிக் காரில் போகாமல் ஒரே வானில் போகலாம், ரயிலிலும் போகலாம்.

அண்ணாவுக்கு (கொட்டாஞ்சேனை): உப்பாறு சொன்ன கீழ்வார் விசயத்தைப் படித்த பிறகு என் கேள்வியை இப்படி வைக்கிறேன். நீச்சல் தெரிய வேண்டியதில்லை, மிதக்கப் பழகியிருக்க வேண்டும். பழகுவதற்குப் பணம் தேவையில்லை, மணற்கரையில் கொஞ்ச நேரம் தேவை. பழகாமல் இறங்கக் கூடாது என்பதில் நான் மாறவில்லை.


கொட்டாஞ்சேனை வாசி:

அதற்கு நான் உடன்படுகிறேன். ஆனால் அந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கி, டிக்கெட்டோடு சேர்த்து, தமிழிலும் சிங்களத்திலும் ஒருவர் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில் நானும் மாறவில்லை. அறிவிப்புப் பலகையை யாரும் வாசிப்பதில்லை. அம்மாவை அழைத்துப் போகும் எண்ணம் இருக்கிறது, அவருக்கு எழுபது வயது. மணல் பக்கம் போதும் என்பார்.


இரவுச் சாரதி:

வான் ஓட்டுவது என் தொழில். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காடு. இரவிலும் விடியற்காலையிலும் யானை பாதைக்கு வரும். வளைவில் வேகமாகப் போய் யானையில் மோதினால் இரண்டு பக்கமும் உயிர் போகும். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, ஹோர்ன் அடிக்காமல் காத்திருக்க வேண்டும். வாழைப்பழம் நீட்டிப் படம் எடுக்கிறவர்களால் சில யானைகள் வாகனத்தை மறித்து நிற்கப் பழகிவிட்டன. அந்தப் பழக்கம் கடைசியில் யானைக்குத்தான் வினையாகிறது. என் வானில் ஏறுகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். இன்னொன்று, பகல் முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு அன்றிரவே திரும்புகிறவர்கள் சாரதி பகலில் தூங்க இடம் ஒழுங்கு செய்யுங்கள். அவரையும் படகில் ஏற்றிப் போய்விட்டு இரவில் ஓட்டச் சொல்லாதீர்கள்.


மழைக்குருவி:

நாங்கள் ஆறு பேர் ஜூலையில் போகலாம் என்றிருக்கிறோம். மூன்று பேருக்கு நீச்சல் தெரியாது. உப்பாறு அண்ணா, பழக்கிக் காட்டுகிற படகுக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது?


உப்பாறு:

பணம் பேசுமுன் மூன்று விசயம் கேளுங்கள். நங்கூரத்தை முருகைக்கல்லில் போடுவாரா, மணலில் போடுவாரா? அங்கிக்குக் கீழ்வார் இருக்கிறதா? இழுத்துப் போக வளையம் கொண்டு வருவாரா? முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரோடு போங்கள், அவர் கேட்பதைக் குறைக்காமல் கொடுங்கள். அம்மாவை அழைத்துப் போகிற அண்ணாவும் கவனிக்க வேண்டும், படகிலிருந்து இறங்கும் இடத்தில் அலை அடித்தால் வழுக்கும், இரண்டு பேர் கைபிடிக்க வேண்டும்.

ஏழு மணிக்குக் கரையில் நில்லுங்கள். போயா தினத்திலும் நீண்ட வார இறுதியிலும் போக வேண்டாம், அந்த நாட்களில் படகு நிறுத்தவே இடம் இருக்காது. ஜூலையில் செவ்வாய், புதன் கிடைத்தால் மிக நல்லது. பொலித்தீன் பையும் சோற்றுப் பார்சலும் தீவுக்குள் கொண்டு போக வேண்டாம், பையைத் திறந்து பார்ப்பார்கள். சாப்பாட்டைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர்ப் போத்தலை எண்ணிக் கொண்டுபோய் எண்ணிக் கொண்டுவாருங்கள். திகதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், அன்று காற்று எப்படி என்று ஊரில் கேட்டுச் சொல்கிறேன்.